கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கணக்கும்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப மாலைக் கூட்டத்தில், பங்கின் கல்வி உதவிக் குழு சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பொன்விழா மேடையில் பேசுவதற்கு நல்ல பொருள்கள் பல உண்டு. கோயில் எழும்பிய வரலாற்றைச் சொல்லலாம். மணல்மேட்டில் ஓலைக் கொட்டகை போட்டுத் தொடங்கிய நாட்களைச் சொல்லலாம். அவற்றைச் சொல்ல நம்மிடையே தகுதியான மூத்தோர் இருக்கிறார்கள். பங்குத்தந்தை எங்களுக்குத் தந்த பொருளோ பணம். "பிள்ளைகளின் கல்லூரிச் செலவைப் பெற்றோர் ஏற்க வேண்டுமா, ஏற்பதானால் எதுவரை, என்று பேசுங்கள்" என்றார்கள். விழா நாளில் பணக்கணக்குப் பேசுவது சற்றுச் சங்கடந்தான். ஆனால் மே, ஜூன் மாதங்களில் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் தாய்மாரின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் பெரிதாகத் தோன்றாது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர், ஆசிரியைகள் இருவர், செவிலியர் ஒருவர், சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர் ஒருவர். ஐவரும் கூடிப் பேசி எழுதியதையே இப்போது ஒருவர் வாசிக்கிறார். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏற்கத்தான் வேண்டும். வெளிநாடுகளில் பிள்ளைகள் தாங்களே கடன் வாங்கி, தாங்களே வேலை செய்து படிக்கிறார்கள் என்று விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சொல்வதுண்டு. அங்கே படிக்கிற பிள்ளைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கிற வேலைகள் இருக்கின்றன. நம் ஊரில் சனி, ஞாயிறு கல்யாண வீட்டுச் சமையல்காரரோடு பரிமாறப் போனால் கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து "உன் பாட்டை நீ பார்த்துக்கொள்" என்று சொல்வது நம் வழக்கமும் அல்ல, நியாயமும் அல்ல.

ஆனால் 'ஏற்க வேண்டும்' என்பது ஒன்று. 'எதை விற்றாவது, யாரிடம் வாங்கியாவது, பிள்ளைக்குத் தெரியாமல் ஏற்க வேண்டும்' என்பது வேறு. நம் பங்கில் பல குடும்பங்கள் இரண்டாவதைத்தான் பெற்றோரின் கடமை என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

நம் கடற்கரைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017-இல் 61 ஆயிற்று. மீன் இனம் பெருகுவதற்கான காலம் அது, வேண்டியதுதான். ஆனால் பிளஸ் டூ முடிவு வருவதும், விண்ணப்பம் போடுவதும், முதல் தவணை கட்டுவதும் அதே நாட்களையொட்டியே வருகின்றன. படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது கட்டணச் சீட்டு கைக்கு வருகிறது. படகுத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைக்கிறவருக்கும் கூடை சுமக்கிறவருக்கும் வலை பின்னுகிறவருக்கும் அந்த இரண்டு மாதம் வருமானம் மெலிந்துபோகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஜூன் மாதம் மற்ற மாதங்களைப் போன்றதே. நம் வீடுகளில் அப்படியில்லை. ஆகவே அவசரத்தில் யார் முதலில் நீட்டுகிறாரோ அவரிடம் கை நீட்டுகிறோம்.

நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் கேட்பதற்குச் சிறியதாக இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. நான்கு ஆண்டுப் படிப்பு முடியும்போது 1,44,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். வாங்கிய ஒரு லட்சம் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கப் போகிறவர்கள்தாம் குறைவு, ஏனென்றால் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் அடுத்த தெருக்காரர்.

வட்டியே இல்லாததுபோல் தோன்றும் கடன் ஒன்றும் உண்டு. மீன் எடுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது. அவர் வட்டி கேட்கமாட்டார். ஆனால் பிடித்து வரும் மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்தால் முப்பது கிலோவுக்கு 600 ரூபாய் போயிற்று. மாதம் இருபது நாள் கடலுக்குப் போனால் 12,000 ரூபாய். இதை வட்டி என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. எங்கள் குழுவின் வள்ளக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, முப்பது ஆண்டு வங்கியில் இருந்தவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பம். இந்தப் பங்கு அல்ல. ஊரையும் சொல்லப் போவதில்லை. மகனுக்குப் பொறியியல் ஆசை. கலந்தாய்வில் நினைத்த பிரிவு கிடைக்கவில்லை. தூரத்து ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினார்கள். தந்தை முன்பணம் வாங்கினார். தாயின் நகை அடகுக்குப் போயிற்று. மகனிடம் சொன்னது ஒரே சொல்: "பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, படி." அவன் அதை அப்படியே நம்பினான். விடுதி, கைப்பேசி, சுற்றுலா என்று கேட்டதெல்லாம் கிடைத்தது. தேறாத தாள்கள் ஏழு சேர்ந்துவிட்டன. மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். தன் படிப்புக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அந்தப் பிள்ளை முதன்முதல் கேட்டது ஓர் அந்நியர் வாயிலிருந்து. "முதலிலேயே சொல்லியிருந்தால் உள்ளூரிலேயே படித்திருப்பேனே" என்றானாம். "உன் மனம் கலங்கக் கூடாது என்றுதான்" என்றாராம் தந்தை. இருவர் சொன்னதும் உண்மை. இன்றைக்கு அந்த வீட்டில் தந்தையும் மகனும் பணத்தைப் பற்றி மட்டுமல்ல, வேறெதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

தாய் தலைச்சுமையாக மீன் விற்கும் இன்னொரு வீடு. தந்தை இல்லை. மகள் பத்தாம் வகுப்பு முடித்த அன்றே தாய் தன் வரவு செலவு முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகளே நோட்டில் எழுதினாள். ஏலத்தில் எடுத்தது, விற்றது, ஐஸ், பஸ், சீட்டுப் பணம் எல்லாம். எழுதி முடித்தபின் அந்தப் பெண்ணே சொன்னாள்: "பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமா படிக்கிறேன். மார்க் இருந்தால் அதன்பின் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்." அப்படியே செய்தாள். இது பெரிய சாதனைக் கதை அல்ல. டிப்ளமா படித்தோர் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் வழி எல்லோருக்கும் திறந்ததுதான். முதலில் செலவைத் தெரிந்துகொண்டு அதன்பின் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள் என்பதற்காகச் சொல்கிறோம். பெரும்பாலான வீடுகளில் படிப்பைத் தேர்ந்த பிறகுதான் செலவு தெரியவருகிறது.

"பிள்ளையிடம் கடனைச் சொன்னால் படிப்பில் மனம் போகுமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். எங்கள் ஆசிரியைகள் இருவரும் இதற்கு ஒரே பதில் சொல்கிறார்கள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்பது பிள்ளைக்கு எப்போதும் தெரியும். அம்மாவின் கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்க்காத பிள்ளை உண்டா? தொகை மட்டும்தான் தெரியாது. தொகை தெரியாத பயம்தான் படிக்கவிடாது. ஆனால் ஒரு பேச்சு: கணக்கைச் சொல்வது வேறு, சொல்லிக்காட்டுவது வேறு. "உனக்காக எவ்வளவு அழுதேன் தெரியுமா" என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் எடுப்பதை நாங்கள் சொல்லவில்லை. ஒருமுறை, தாளில் எழுதி, சேருவதற்கு முன்பு.

அந்தத் தாளில் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். மூன்றோ நான்கோ ஆண்டுக்கும் எழுதுங்கள். விடுதி, சாப்பாடு, பஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, கணினி இவற்றைச் சேர்த்தால் கல்விக் கட்டணத்தையே தாண்டிவிடும் இடங்கள் உண்டு. கலைக் கல்லூரியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பாடம் அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்பது. ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஒரே பட்டம். ஆனால் இரண்டு பிரிவுக்கும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். நண்பன் சேர்ந்தான் என்று சுயநிதிப் பிரிவில் போய்ச் சேர்ந்த பிறகு எங்களிடம் வருகிறவர்கள் ஆண்டுக்கு இருவராவது இருக்கிறார்கள்.

அரசு தரும் உதவிகளில் நாம் தவறவிடுவது பல. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. குடும்பத்தில் ஒருவருக்கும் பட்டம் இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காளோ பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஆகவே மூத்த பிள்ளையைச் சேர்க்கும்போதே இளையவனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கும் தமிழ்நாட்டில் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு என்பது நம்மில் பலருக்கே தெரியாது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இல்லாமல் ஆண்டு வீணாகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கியது. 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியில்தான் அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியலுக்கும் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. நம் பங்குப் பள்ளியைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளில் படித்துவிட்டு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அவசரப்பட்டு ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம், பிறகு நல்ல இடம் கிடைத்தது, கட்டிய பணம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கும் முன்போ விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதற்குப் பின் கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் 80. 30 நாட்களுக்குள் 50. அதன்பின் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது. விலகுவதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் இளைஞர்களுக்குக் கப்பல் வேலையில் ஆசை அதிகம்; பெண்பிள்ளைகளுக்கு வெளிமாநிலத்தில் செவிலியர் படிப்பு. இரண்டிலும் தரகர்கள் நுழைந்திருக்கிறார்கள். கப்பல் படிப்பானால் அந்த நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஒப்புதல் உண்டா, படிப்பு முடிந்தபின் கப்பலில் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்வதாக எந்தக் கம்பெனியாவது எழுத்தில் தருகிறதா என்று பாருங்கள். செவிலியர் படிப்பானால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கள். தரகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பார்ப்பதல்ல, கொடுப்பதற்கு முன்பு.

கல்விக் கடனைப் பற்றி எங்கள் வங்கிக்காரர் தனியாக ஒரு மணி நேரம் பேச விரும்பினார், நாங்கள் விடவில்லை. சுருக்கம் இது. வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. 2015-இல் அமைந்த உத்தரவாத நிதியின் பேரில் 7.5 லட்சம் வரையிலும் ஈடில்லாமல் தர வழியுண்டு. கடன் பிள்ளையின் பெயரில். பெற்றோர் இணைக் கடனாளி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்புப் படிப்பவருக்கு அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. நாம் சேரும் கல்லூரிக்கும் பாடத்துக்கும் அது பொருந்துமா என்று சேருவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், 10 விழுக்காடு தனிவட்டி. படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டு. அதற்குள் வட்டி 1,40,000 ஏறிவிடும். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். அந்த இடைக்கால வட்டியை அரசு ஏற்றாலோ, நாமே மாதாமாதம் கட்டிவந்தாலோ, தவணை ஏறக்குறைய 5,300 ஆகும். முதலாண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான். தந்தை வட்டியைக் கட்டுகிறார், மகன் வேலைக்குப் போய் முதலைக் கட்டுகிறான். இந்தப் பங்கீட்டைத்தான் எங்கள் குழு பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொல்கிறது. மூன்று ரூபாய் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு லட்சத்துக்கு அங்கே மாதம் 12,000, அதுவும் வட்டி மட்டும்.

கடன் பிள்ளையின் பெயரில் என்றால் சிலருக்கு மனம் ஒப்புவதில்லை. "வாழ்க்கை தொடங்குமுன்பே கடனாளி ஆக்குவதா?" என்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் குடும்பம் முழுவதும் கடனாளியாக இருப்பதைவிட இது நல்லது என்று நினைக்கிறோம். வேலை கிடைக்காவிட்டால் வங்கி பெற்றோரைத்தான் கேட்கும் என்பதும் உண்மை. அதனால்தான் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துக் கடன் தொகையை வைக்கச் சொல்கிறோம்.

தொடக் கூடாதவை என்று எங்கள் குழுவில் ஒருமனமாகச் சொல்பவை சில. குடியிருக்கும் வீட்டை விற்பது ஒன்று. நம்மில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் இல்லை. அறுபது வயதில் கடலுக்குப் போக முடியாதவருக்கு அந்தக் கூரைதான் மீதி. பெற்றோரைக் காப்பாற்றாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தரும் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பெற்ற மகன்மேல் மனு எழுதிக்கொண்டு அந்த அலுவலகப் படியேற நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

மற்றொன்று, மகளின் பங்கு. மகனின் கட்டணத்துக்காக மகளின் படிப்பை நிறுத்திய வீடுகள் நம் பங்கிலும் உண்டு. "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுக்கிறோமே" என்பார்கள். அந்த நகைதான் முதலில் அடகுக்குப் போகிறது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் வீட்டை விற்று ஒருவனைப் படிக்கவைப்பது தங்கை பங்கையும் சேர்த்துச் செலவழிப்பது அல்லவா? அவளையும் உட்காரவைத்துக் கேட்டுச் செய்யுங்கள். நாங்கள் பார்த்த அளவில், கேட்டால் மறுக்கிற தங்கைகள் குறைவு. கேட்காமல் எடுத்ததுதான் பின்னால் வழக்காகிறது.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். அப்பா தாளைக் கொண்டுவரும்வரை காத்திருக்காதீர்கள். பல தந்தையருக்கு அந்தப் பேச்சைத் தொடங்கவே வெட்கமாக இருக்கும். மகன் முன்னால் "என்னால் முடியாது" என்று சொல்வது கடலில் வலையை இழப்பதைவிடக் கடினம் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். நீங்களே கேளுங்கள்.

பிப்ரவரி முதல் ஜூலை வரை, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மன்றத்தில் எங்கள் குழு உட்காரும். தடைக்காலம் தொடங்குமுன்பே, வருமானம் கையில் இருக்கும்போதே வாருங்கள். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் அதுவும், அடகுச் சீட்டுகள் இருந்தால் அவையும் எடுத்து வாருங்கள். அடகுச் சீட்டை யாருக்கும் காட்டமாட்டோம். படிக்கப் போகிற பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். பிள்ளை வராமல் நாங்கள் தாளை எடுப்பதில்லை.